மஞ்சளுக்காகக் காத்திருந்த காட்சி

குழந்தைகள் எல்லோரும் அந்த விளக்கைத்தான் பார்த்தார்கள்.

திரையில் ஒரு சிறுமி, பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமல், தன் வீட்டு வாசலில் நிற்கிறாள். வாசலெங்கும் யார் யாருடைய செருப்புகளோ இறைந்து கிடக்கின்றன. அம்மா இறந்துவிட்டாள் என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. செருப்புகளைப் பார்த்தே அவளுக்குப் புரிகிறது. அந்த அனிமேஷன் படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். அதற்குப் பொருத்தமாக வானம், சுவர், செடி, சிறுமியின் சிவப்புக் கவுன் எல்லாமே நீலத்தில் தோய்ந்து கிடந்தன. தூரத்தில், பக்கத்து வீட்டு ஜன்னலில் மட்டும் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு. பின்னணி வரைபவர் ஆசை ஆசையாக வைத்தது.

முன்னோட்டம் பார்க்க அழைத்து வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒருத்தி, "அந்த வீட்ல யாரு இருக்காங்க?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். "பேய்" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. பாதி அரங்கம் சிரித்தது. சிறுமி உடைந்து நின்ற அந்த நேரம் முழுவதும் மீதி அரங்கம் பேய் எப்போது வரும் என்று காத்திருந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா தன் இரு கைகளையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். அந்தப் படத்தின் வண்ணப் பொறுப்பு அவளுடையது. இயக்குநர் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் கூப்பிடுகிறான் என்று ஸ்டுடியோவில் எல்லோருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், தலை நரைத்த கணக்காளர் உட்பட.

தயாரிப்பாளர் அம்மாள் அதிகம் பேசாதவர். படம் முடிந்து குழந்தைகள் போனபிறகு, கைப்பையை எடுத்துக்கொண்டே சொன்னார். "அந்தக் காட்சிய எடுத்துடுங்க. அம்மா வெளியூர் போயிருக்காங்கன்னு மாத்திக்கலாம். பசங்களுக்குப் பாரமா இருந்தா பரவாயில்ல. வேடிக்கையா இருக்கே."

வெளியூர் என்ற சொல்லை அக்காவால் ஏற்க முடியவில்லை. அந்தச் சிறுமியின் கதை அக்காவும் தம்பியும் வாழ்ந்த கதை. அவர்கள் அம்மாவுக்காக எடுக்கிற படம். அம்மாவை வெளியூர் அனுப்பிவிட்டு அம்மாவுக்கு என்ன படம்? தம்பி மன்றாடினான். படத்தை வாங்க வருகிறவர்களுக்கு இன்னொரு முன்னோட்டம் இருந்தது. அதுவரை தயாரிப்பாளர் தவணை கொடுத்தார். அன்றைக்கும் அரங்கம் சிரித்தால் காட்சி போய்விடும் என்பது பேச்சு.

படியிறங்கும்போது பின்னணி வரைபவர் அக்காவின் அருகில் வந்து, தன் விளக்கைப் பற்றி ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அவரைப் போல மேகங்களை வேறு யாராலும் வரைய முடியாது என்பதால் ஸ்டுடியோவில் அவருக்கு மேகம் என்றே பெயர். ஆளும் அப்படித்தான், பெரிய உருவம், மெதுவான நடை, நினைத்தால் இடி. அக்கா அவரைக் குறை சொல்லவில்லை. எல்லாமே நீலமாக இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்தால் கண் வேறெங்கே போகும்? அதைப் பார்த்துத் தடுக்க வேண்டியது அவள் வேலை. தடுக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காட்சியில் அவள் மனமே இல்லை.

அதுதான் உண்மை. "சோகம்னா நீலம்தான் அக்கா" என்று தம்பி சொன்னான். அவள் நீலம் அடித்தாள். பல வருடங்களாகப் பிறர் தேர்ந்தெடுத்த வண்ணங்களைக் கோடு தாண்டாமல் நிரப்பிக்கொடுத்தவள் அவள். வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று கணவர் கேட்டபோதுகூட, உங்க இஷ்டம் என்றவள். முதல்முறையாக ஒரு படத்துக்கு முழுப் பொறுப்பு வந்தபோதும் பழக்கம் விடவில்லை. தம்பியின் சொல்லுக்குத் தலையாட்டிக்கொண்டே, உள்ளுக்குள் யாரோ தரையில் காலை உதைத்து இல்லை இல்லை என்று அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளாகவே தம்பியின் அறைக்குப் போனாள்.

"நீலம் வேண்டாம்டா. அன்னைக்கு வெயில்."

தம்பி பென்சிலைக் கீழே வைத்தான். "என்ன அக்கா சொல்ற? அன்னைக்கு மழை."

"நல்ல வெயில். கண்ணு கூசுற வெயில்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் கேட்டுகிட்டே படுத்திருந்தேன். விடாம பெஞ்சுது."

"உனக்கு அப்ப பல்லுகூட விழுந்து முளைக்கல."

"உனக்கு மட்டும் பெரிய வயசாக்கும். கணக்குல முட்டை வாங்கிகிட்டிருந்தே."

சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். ஆனால் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா போன நாளை இத்தனை வருடங்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்ததே இல்லை. ஒரே நாளைத்தான் இருவரும் வைத்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வைத்திருந்த நாள் இது: பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ அழைத்து வந்து விட்டார்கள். வாசலில் செருப்புகள். எல்லாவற்றின் மேலும் வெயில். பிளாஸ்டிக் வாளியின் பச்சை அப்படியொரு பச்சையாக இருந்தது. கொடியில் காய்ந்த துணிகள் பண்டிகைக்குப் போவதுபோலப் பளபளத்தன. உலகம் இவ்வளவு அழகாக இருந்ததுதான் அவளால் பொறுக்க முடியாதது. யாரோ தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தை அவள் எந்த வண்ணத்திலும் யாருக்கும் சொன்னதில்லை.

அன்றே உட்கார்ந்து காட்சியை மஞ்சளாக்கினாள். முடித்துப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. அழகான வெயில் நாள், அவ்வளவுதான். வலிக்கவில்லை.

அவளுடைய மேசைக்கு எதிர்ச் சுவரில் படத்தின் ஒவ்வொரு காட்சியும் தீப்பெட்டி அளவுக்கு அச்சடித்து வரிசையாக ஒட்டப்பட்டிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை படத்தின் வண்ணம் எப்படி ஓடுகிறது என்று ஒரே பார்வையில் பார்ப்பதற்காக. மஞ்சள் காட்சியை அதன் இடத்தில் ஒட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். பாதி மூடினால் வாளியும் செருப்பும் மறைந்து வண்ணம் மட்டும் நிற்கும்.

காட்சியைக் காணவில்லை. அது எங்கே என்றே தெரியவில்லை. காரணம், வரிசை முழுவதும் மஞ்சள். பள்ளிப் பேருந்து மஞ்சள், சமையலறை மஞ்சள், தெருவிளக்கு, பூ, கோழிக்குஞ்சு, பக்கத்து வீட்டுக்காரியின் புடவை, எல்லாம் மஞ்சள். அழகு அழகு என்று ஒவ்வொரு காட்சியிலும் தூவி, தேவைப்படும்போது கையில் ஒன்றுமில்லாமல் நின்றாள். தினமும் விருந்து சாப்பிடுகிற வீட்டில் விருந்து நாளை யார் கண்டுகொள்வார்கள்?

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மாற்ற வேண்டியது அந்தக் காட்சியை அல்ல. அதற்கு முன்னால் வருகிற அத்தனையையும். அந்த வாசல் வரும்வரை இந்தப் படத்தில் ஒரு துளி மஞ்சள்கூட இருக்கக் கூடாது.

இதை யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று பழைய பழக்கம் சொன்னது. சுவருக்கு முன்னால் நின்று யோசித்துப் பார்த்தாள். கேட்பதற்கு ஆள் யாரும் இல்லை. இது அவள் வேலை. பயத்தோடு ஏதோ இனிப்பும் சேர்ந்து நெஞ்சில் இறங்கியது.

கூட்டம் போட்டுச் சொன்னபோது மேகம் எழுந்தே நின்றுவிட்டார். அவர் வரைந்த பின்னணிகளில் விளக்கில்லாத தெரு கிடையாது.

"என் விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்றீங்களா அக்கா? நீங்க எப்ப மின்சார ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தீங்க?"

"அணைக்க வேணாம். வெள்ளையாவோ பச்சையாவோ எரியட்டும்."

"பச்சையா எரிஞ்சா அது விளக்கு இல்ல, ஆஸ்பத்திரி."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகச் சுவருக்கு முன்னால் அழைத்துப் போய், கண்ணைப் பாதி மூடச் சொன்னாள். பிறகு மஞ்சள் உள்ள சின்னப் படங்களை ஒவ்வொன்றாகச் சாம்பல் காகிதத்தால் மறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் வாசல் காட்சி மட்டும் திறந்திருந்தது. மேகம் பாதி மூடிய கண்ணாலேயே அதை உற்றுப் பார்த்தார். பிறகு, ஒரு காட்சி பிழைக்க ஊரெல்லாம் இருட்டில் உட்கார வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தபடி தன் மேசைக்குப் போனார். பேருந்தை முதலில் பச்சையாக்கியவர் அவர்தான்.

தம்பி மட்டும் ஒப்பவில்லை. விளக்குகளை எடுப்பது சரி என்றான். ஆனால் வாசலில் வெயில் அடிப்பது பொய் என்றான். பொய்யை அம்மாவுக்குப் படமாக்க மாட்டேன் என்று அவன் சொன்னபோது, அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவனும் ஒரு நாளைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். அவள் போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள். அம்மாவுக்குப் பிறகு இருவரையும் வளர்த்தவள் சித்தி.

"அன்னைக்கு வெயிலா மழையான்னு யாருடி பார்த்தா?" என்றாள் சித்தி. "உங்க ரெண்டு பேர் வயித்துல ஏதாவது போகணுமேன்னு நான் அல்லாடிகிட்டிருந்தேன். இப்ப எதுக்கு அது? பஞ்சாங்கம் எழுதுறீங்களா?"

தம்பி குறுக்கிட்டு, மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தது தனக்கு நினைவிருக்கிறது என்றான்.

சித்தியின் குரல் இறங்கியது. "மழை எங்கடா பெஞ்சுது. நீ உள் ரூம்ல படுத்திருந்தே, நீலத் திரைய இழுத்து விட்டிருந்தேன். அது மொட்டை மாடித் தொட்டி. காலைல உங்கம்மா மோட்டாரப் போட்டுட்டு... அப்புறம்தான் அவளுக்கு அப்படி ஆச்சு. அதை யாரு அணைக்கிறது? தண்ணி நிறைஞ்சு, சுவரெல்லாம் ஊத்துது. வந்தவங்க ஒருத்தருக்கும் தோணல. வெயில்ல கொட்டிகிட்டே கிடந்துது."

தம்பி போனுக்கு அருகே நகர்ந்தான்.

"இவ வாசல்லயே நின்னா," என்று சித்தி தொடர்ந்தாள். "கூரை நிழல்ல, பையக்கூடக் கழட்டாம. கூப்பிட்டாலும் வரல. கடைசில இவதான் போய் அதை அணைச்சா. உனக்கு ஞாபகம் இல்லையாடி?"

அக்காவுக்கு நினைவில்லை. வாளியின் பச்சை நினைவிருந்தது. துணிகளின் பளபளப்பு நினைவிருந்தது. தண்ணீர் நினைவில்லை, சுவிட்ச் நினைவில்லை, தன் கை நினைவில்லை. அந்த நாளில் தான் வெறுமனே நின்றதாகவே இத்தனை காலமும் எண்ணியிருந்தாள். எதுவும் செய்யத் தெரியாமல், சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற ஒருத்தியாக அன்றுதான் ஆனோம் என்றுகூட ரகசியமாக நம்பியிருந்தாள். அப்படியில்லை. அத்தனை பெரியவர்கள் இருந்த வீட்டில், அம்மா பாதியில் விட்டுப்போன வேலையை முடித்தது அவள்.

போனை வைத்தபிறகு தம்பி கேட்டான். "அப்ப மழை இல்லையா அக்கா?"

"மழைதான்டா. நம்ம வீட்டுக்கு மட்டும் பெஞ்சது."

அவன் முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டான். பிறகு ஒரு தாளை இழுத்து வரைய ஆரம்பித்தான். ஒரு சுவர், அதில் சுவிட்ச், அதை நோக்கி நீளும் ஒரு சின்னக் கை. சத்தத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், வெயிலை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

இப்போது அவளுக்குக் காட்சி முழுதாகத் தெரிந்தது. உலகம் மஞ்சள். செருப்புகள், வாளி, துணி, எல்லாம் வெட்கமில்லாமல் ஒளிரட்டும். சிறுமி மட்டும் கூரையின் நிழலில் நிற்கட்டும். அந்த நிழல் நீலம். தம்பி உள் அறையில் படுத்திருந்த நீலம், ஒரு பாய் அகலத்துக்கு. சுற்றிலும் சூடு இருக்கும்போது நடுவில் ஒரு குளிர்ச்சி இருந்தால், கண் அங்கேதான் போய் விழும். விளக்குச் செய்த வேலையை இனி நிழல் செய்யும். சிறுமியின் சிவப்புக் கவுன் அந்த நிழலில் மங்கி, காய்ந்த திராட்சை நிறத்தில் கிடக்கட்டும். சுவிட்ச் நிழலுக்கு வெளியே, வெயில் படும் சுவரில் இருக்கட்டும். அதைத் தொட அவள் நிழலைவிட்டு வர வேண்டும். வரும் அந்த ஒரு அடியில் கவுன் சிவக்க வேண்டும். படத்தில் அதுவரை எவரும் பார்த்திராத சிவப்பாக.

அந்தச் சிவப்புக்காக அவள் பட்டபாடு கொஞ்சமல்ல. கூட்டினால் பொம்மைக் கடைபோல இருந்தது. குறைத்தால் துவைத்துப் போட்டதுபோல இருந்தது. கடைசியில் சிவப்பைத் தொடாமல், அதைச் சுற்றியிருந்த மஞ்சளை ஒரு மயிரிழை வெளுக்கச் செய்தாள். சிவப்பு தானாக எழுந்து நின்றது. தம்பி வந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் கூட்டலாமா என்றான்.

"கூடாது" என்றாள் அக்கா.

வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு அவளுக்கே வியப்பாக இருந்தது. தம்பி தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

இரண்டாவது முன்னோட்டத்துக்கு அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் வேறொரு பள்ளியின் பிள்ளைகள், நடுவில் படத்தை வாங்க வந்தவர்கள், ஓரத்தில் தயாரிப்பாளர் அம்மாள். மேகம் ஒரு நாற்காலியில் அடங்காமல் உட்கார்ந்து, ஆரம்பத்திலேயே அக்காவின் காதில், தன் பச்சைப் பேருந்தை யாராவது கேலி செய்தால் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். யாரும் கேலி செய்யவில்லை. பச்சையும் ஊதாவும் வெள்ளையுமான அந்த உலகத்தைக் குழந்தைகள் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். எதுவோ குறைகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே அதற்காகப் பசித்திருந்தார்கள்.

வாசல் காட்சி நெருங்கியபோது அக்காவால் திரையைப் பார்க்க முடியவில்லை. எழுந்து, சுவரோரமாக நடந்து, திரைக்குப் பக்கத்தில் இருந்த கதவோரம் போய் நின்று குழந்தைகளின் முகங்களைப் பார்த்தாள்.

முகங்கள் பச்சையாக இருந்தன. பேருந்து போய்க்கொண்டிருக்கிறது. பிறகு சிறுமி தெரு திரும்புகிறாள். சட்டென்று அத்தனை முகங்களும் மஞ்சளாயின.

அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது அது. சில பிள்ளைகள் உண்மையான வெயிலுக்குச் சுருக்குவதுபோலக் கண்ணைச் சுருக்கினார்கள். தண்ணீர் விழும் சத்தம் அரங்கத்தை நிரப்பியது. ஒருத்தி வாய்க்குக் கொண்டுபோன தின்பண்டத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். கண்கள் எல்லாம் ஒரே இடத்தில், கீழே, கொஞ்சம் இடதுபக்கம் இருந்தன. சிறுமி நிற்கும் இடம் அதுதான் என்று திரையைப் பார்க்காமலே அக்காவுக்குத் தெரியும். ஒரு கண்கூட வேறெங்கும் போகவில்லை. பேய் என்று சொல்ல அந்த அரங்கத்தில் யாருக்கும் நாக்கு எழவில்லை.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தம்பி அதைப் பொறுக்க முடியாத அளவுக்கு நீட்டியிருந்தான். முன்வரிசையில் ஒரு பையன் நெளிந்தான். "யாராச்சும் அதை நிறுத்துங்களேன்" என்று அவன் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது.

கண்கள் நகர்ந்தன. இடமிருந்து வலமாக, எல்லாம் ஒன்றாக, ஒரு அடி. மஞ்சள் முகங்களின் கன்னங்களில் மெல்லிய சிவப்பு படர்ந்தது.

சத்தம் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அக்கா எந்த அரங்கத்திலும் கேட்டதில்லை. அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல், பெருமூச்சு விடுவதுபோல, "அவளே நிறுத்திட்டா" என்றது. பக்கத்திலிருந்த டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தக் குழந்தையின் தலையைத் தடவினார். அக்கா கதவோடு சாய்ந்து நின்றாள். அழுகிறோமா சிரிக்கிறோமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அவசரமில்லை. உள்ளுக்குள் காலை உதைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்று, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. வாங்க வந்தவர்களில் ஒருவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வெயில் என்று ஆரம்பித்து, மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினார். தம்பி விலகி நின்று, அக்காவைச் சுட்டிக்காட்டி, வெயிலுக்கு அவளைத்தான் கேட்க வேண்டும் என்றான். மேகம், விளக்கை அணைத்தது யார் என்றும் யாராவது கேட்டால் நன்றாயிருக்கும் என்று உரக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கூட்டம் விலகியபிறகு தயாரிப்பாளர் அம்மாள் கைப்பையோடு அவளிடம் வந்தார்.

"காட்சி இருக்கட்டும்" என்றார். பிறகு, அவர் வழக்கத்துக்கு அது நீளமான பேச்சு: "ஒண்ணே ஒண்ணு. அது முடிஞ்சு வர்ற சமையலறைல பாதிக்கு மேல மஞ்சளா இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

மேகமும் தம்பியும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள். அவசரமில்லாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அங்கே இல்லாத ஒரு சுவரைப் பார்ப்பதுபோல.

"முடியாது மேடம்" என்றாள். "நிழலவிட்டு வந்துட்டா. இனிமே அவ அதுலதான் இருக்கணும்."

தயாரிப்பாளர் அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டினார். "சரி, உங்க வீடு. உங்க வெயில்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.